கமிட் மெசேஜில் காரணம் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு உங்கள் மாணவர் இணைப்பில், வளாக நேர்காணலுக்குப் போகும் பிள்ளைகள் எந்தெந்தக் கணினி மொழிகளைப் படிக்க வேண்டும் என்று ஒரு பக்கம் முழுக்கப் போட்டிருந்தீர்கள். பைத்தான், ஜாவா, அப்புறம் செயற்கை நுண்ணறிவு. தப்பில்லை. ஆனால் கோவையில் நூற்பாலைகளுக்குப் பில்லிங் மென்பொருள் எழுதிக் கொடுக்கும் ஒரு சின்ன நிறுவனத்தில் 19 வருடமாக வேலை பார்க்கிறவள் நான். எங்களிடம் வந்து சேரும் பிள்ளைகளுக்கு மொழி தெரியாமல் வேலை நின்றதே இல்லை. ஒரு மாற்றத்தை ஏன் செய்தோம் என்று இரண்டு வரி பதிந்து வைக்கத் தெரியாமல்தான் நிற்கிறது. அந்த இரண்டு வரியைப் பற்றித்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கணினித் துறையில் இல்லாத வாசகர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். நிரலில் ஒரு திருத்தம் செய்தால் அதைச் சும்மா சேமித்துவிட்டு எழுந்து போக மாட்டோம். கிட் என்ற மென்பொருளில் பதிவோம். லினக்ஸ் இயங்குதளத்தைத் தந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் எழுதத் தொடங்கியது அது. யார், எந்தத் தேதியில், எந்த வரியை மாற்றினார் என்பதையெல்லாம் கிட் தானே குறித்துக்கொள்ளும். ஏன் மாற்றினார் என்பது மட்டும் அதற்குத் தெரியாது, நாம்தான் எழுத வேண்டும். ஒவ்வொரு பதிவும் ஒரு கமிட், அதோடு எழுதும் அந்தக் குறிப்புக்குப் பெயர் கமிட் மெசேஜ். என் அப்பா பத்திர எழுத்தர். ஒருநாள் இதை அவரிடம் விளக்கினேன். "அப்போ வில்லங்கச் சான்று மாதிரின்னு சொல்லு" என்றார். ஏறக்குறைய அதேதான். நிலம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று பார்ப்பதைப் போல, ஒரு நிரல்வரி எந்தெந்தக் கை பட்டு இப்படி ஆனது என்று பின்னால் போய்ப் பார்க்கலாம்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். 2025 செப்டம்பர் 22 முதல் செயற்கை இழை நூலுக்கான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. அறிவிப்புக்கும் அமலுக்கும் நடுவே மூன்று வாரம்கூட இல்லை. எங்களிடம் மென்பொருள் வாங்கிய மில்களில் பாதி பாலியஸ்டரும் ஓட்டுகிறவை. வீதத்தை மாற்றும் சாக்கில் வரிக்கணக்குப் பகுதியையே தூசு தட்டிவிடலாம் என்று உட்கார்ந்தேன். அங்கே பல்லடம் பக்கத்து மில் ஒன்றுக்கு மட்டும் தனியாக ஒரு நிரல்வரி இருந்தது. வரியைப் பில்லின் மொத்தத்துக்குக் கணக்கிட்டு முழு ரூபாயாக்காமல், ஒவ்வொரு ஐட்டத்துக்கும் தனித்தனியாக முழு ரூபாயாக்கிப் பிறகு கூட்டு என்று. வேறு எந்த மில்லுக்கும் அப்படிச் செய்யவில்லை. யார் போட்டது, எதற்கு என்று கிட்டிடம் கேட்டேன். 2017 ஜூலை என்றது. ஜிஎஸ்டி வந்த மாதம். போட்டவர் பெயர் இருந்தது. மெசேஜ்: "சேஞ்ச்". அவ்வளவுதான். அதற்கு மேலே "சேஞ்ச் 2". அப்புறம் "ஃபைனல்", "ஃபைனல் ஃபைனல்", "சார் சொன்னது". எந்த சார், என்ன சொன்னார் என்று கிட்டுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

அந்த அவசர மாதத்தில் ஏதோ அரைகுறையாகச் செய்தது என்று நினைத்து அந்த நிரல்வரியை எடுத்துவிட்டேன். அது என் தப்பு. நாலாவது நாள் மில்லிலிருந்து போன். நாற்பது பில் போயிருக்கிறது, ஒவ்வொன்றிலும் ஒரு ரூபாய் இரண்டு ரூபாய் இடிக்கிறது, ஈரோட்டு வியாபாரி பில்லைத் திருப்பி அனுப்பிவிட்டுப் பணத்தையும் நிறுத்திவிட்டார் என்று. ஒரு ரூபாய் பிசகுக்கு லட்சக்கணக்கில் பாக்கி நின்றது.

2017இல் அதை எழுதிய தம்பி இப்போது பெங்களூருவில் இருக்கிறார். கூப்பிட்டேன். அன்று மில்லுக்குப் போனது அவருக்கு நன்றாகவே நினைவிருந்தது. கேன்டீனில் சாப்பிட்ட பருப்பு சாதம், நடுவில் கரண்ட் போனது, கடைசிப் பஸ்ஸில் பல்லடத்திலிருந்து நின்றுகொண்டே வந்தது, எல்லாம் சொன்னார். "எதுக்கு அப்படிப் போட்டோம்னு மட்டும் ஞாபகம் வரலீங்க்கா" என்றார்.

கடைசியில் அந்த மில்லின் பழைய கணக்கரைத் தேடிப் பிடித்தோம். ஓய்வு பெற்று அவிநாசியில் இருக்கிறார். "இருங்க அம்மணி" என்று உள்ளே போய் 2017ஆம் வருட டைரியை எடுத்து வந்தார். நூல் கம்பெனிகள் தீபாவளிக்குக் கொடுக்கிற மாதிரியான டைரி. அதில் நீல மையில் இருந்தது: "ஈரோடு பார்ட்டி பில்லில் ஐட்டம் வாரியாக முழு ரூபாய் வரி. அவர்கள் கணக்கில் அப்படித்தான் ஏறும். மொத்தத்தில் போட்டால் ஒத்து வராது." எங்கள் நிறுவனத்தில் அன்று இருந்த யாருமே இதை விட நல்ல கமிட் மெசேஜ் எழுதியிருக்க மாட்டார்கள். அவர் கிட் என்ற பெயரையே கேள்விப்பட்டதில்லை.

அன்று மாலையே அந்த நிரல்வரியைத் திரும்பப் போட்டு, டைரியில் இருந்த மூன்று வாக்கியங்களையும் மெசேஜில் அப்படியே எழுதினேன். மறுநாள் எங்கள் முதலாளியிடம், இனி மெசேஜ் ஒழுங்காக இல்லாத எந்த மாற்றத்தையும், எல்லோருடைய நிரலும் வந்து சேரும் சர்வர் ஏற்கக் கூடாது, அதற்கு ஒரு தானியங்கிச் சோதனை போடப்போகிறேன் என்றேன். "அதையெல்லாம் மெஷின் பார்க்குமா?" என்றார்.

பார்க்கும். கிட்டிலேயே அதற்கு இடம் இருக்கிறது. ஒவ்வொரு கிட் கோப்புறைக்குள்ளும் ஹூக்ஸ் என்று ஓர் அடைவு, அதில் கமிட்-எம்எஸ்ஜி என்ற பெயரில் ஒரு நிரலை வைத்து, இயங்குவதற்கான அனுமதியும் கொடுத்துவிட்டால் போதும். யாராவது மெசேஜ் எழுதி முடித்ததும் கிட் அந்த மெசேஜ் கோப்பை இதனிடம் நீட்டும். நிரல் சரி என்றால் பதிவாகும், இல்லையென்றால் திரும்பி வரும். அப்பாவிடம் இதைச் சொன்னபோது அவருக்கு உடனே புரிந்துவிட்டது. பத்திரத்தில் அடித்தல் திருத்தல் இருந்து, எழுதிக் கொடுத்தவர் அதன் பக்கத்தில் கையெழுத்திடாமல் விட்டிருந்தால் பதிவு செய்ய மறுக்கலாம் என்று 1908ஆம் வருடப் பதிவுச் சட்டத்தின் 20ஆம் பிரிவு சொல்கிறது. "சப்-ரிஜிஸ்ட்ரார் அந்தத் திருத்தம் நியாயமான்னு கேக்க மாட்டார், பக்கத்துல கையெழுத்து இருக்கான்னுதான் பார்ப்பார்" என்றார் அப்பா. இந்தச் சோதனைகளால் என்ன முடியும், என்ன முடியாது என்பதை இவ்வளவு சுருக்கமாக எந்தத் தொழில்நுட்பக் கருத்தரங்கிலும் நான் கேட்டதில்லை.

முதல் வாரம் கூத்துதான். இணையத்தில் கிடைத்த ஒரு நிரலை எடுத்துப் போட்டேன். முதல் வரி 50 எழுத்துக்குள், இரண்டாவது வரி காலி, மற்ற வரிகள் 72க்குள், முதல் எழுத்து கேபிட்டல், கடைசியில் புள்ளி கூடாது. இவை கிட் உலகத்தில் பல வருடமாகப் புழங்கும் வழக்கங்கள். காரணமும் உண்டு. லினக்ஸின் மையப் பகுதியான கர்னலில் மாற்றங்கள் மின்னஞ்சலில்தான் போகும், முதல் வரி அந்த மின்னஞ்சலின் தலைப்பாகிவிடும். 80 எழுத்து அகலத் திரையில் கிட் இடப்பக்கம் 4 இடம் விட்டுக் காட்டும், வலப்பக்கமும் 4 விட்டால் மிச்சம் 72. சரி, நியாயம்தான்.

நாங்கள் பாதிப் பேர் மெசேஜைத் தமிழில் எழுதுகிறவர்கள் என்பதுதான் எனக்கு அப்போது உறைக்கவில்லை. மில்காரர்கள் காரணத்தைத் தமிழில்தான் சொல்வார்கள். கோன், பேல், கழிவுப் பஞ்சு, கவுன்ட் என்று வரும் பேச்சை ஆங்கிலத்துக்கு மாற்றினால் பாதி சத்து போய்விடும். தமிழில் எழுதிய மெசேஜ் ஒன்றுகூட உள்ளே போகவில்லை. முதல் எழுத்து கேபிட்டலாக இல்லையாம். தமிழில் ஏது கேபிட்டல்? அந்த விதியைத் தூக்கினேன். அப்புறம் நீளம். "நூல்" என்று எழுதினால் நம் கண்ணுக்கு 2 எழுத்து. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் யூனிகோடில் அது 4 குறிகள்: ந, ஊகாரத்தின் குறி, ல, புள்ளி. அந்தக் குறிகளைக் கணினியில் யூடிஎஃப்-8 முறையில் சேமிக்கும்போது ஒவ்வொன்றுக்கும் 3 பைட் (சேமிப்பின் சிற்றலகு) வீதம் 12 பைட். நான் எடுத்துப் போட்ட நிரல் பைட்டைத்தான் எண்ணிக்கொண்டிருந்தது. "நூல் நூல் நூல் நூல்" என்று எழுதிப் பாருங்கள், நடுவில் மூன்று இடைவெளி சேர்த்து 51 பைட். நாலு நூலுக்கே வரம்பு தாண்டிவிட்டது!

சரி, எழுத்தை எண்ணச் சொன்னேன். என் மடிக்கணினியில் ஒழுங்காக எண்ணியது. சர்வரில் மறுபடி பைட். அங்கே மொழி அமைப்பே யூடிஎஃப்-8 இல்லை என்று கண்டுபிடிக்க ஒரு நாள் போனது. அதையும் சரி செய்தால் "நூல்" 4 என்றது, 2 என்று சொல்லவில்லை. உயிர்மெய்யை ஒரே எழுத்தாக எண்ணும் நிரல் நூலகம் (ஆயத்த நிரல் தொகுப்பு) தேடிப் போட்ட பிறகுதான் தமிழ் மெசேஜ் நிம்மதியாக உள்ளே போனது. இதை விரிவாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. தமிழில் எழுதுகிறவர் பிழை செய்ததாக மெஷின் சொன்னால், பிள்ளைகள் தமிழை விடுவார்களே தவிர மெஷினைச் சந்தேகிக்க மாட்டார்கள். எங்களிடமே இரண்டு பேர் அந்த ஒரு வாரத்தில் ஆங்கிலத்துக்கு மாறிவிட்டார்கள். அதுவும் என்ன ஆங்கிலம், பழையபடி "சேஞ்ச்" ஆங்கிலம்.

கர்னல் வழக்கத்தில் இன்னொரு விதி, மெசேஜை ஏவல் வினையில் எழுத வேண்டும் என்பது. நிரலுக்குக் கட்டளை இடுவதைப் போல "மாற்று", "சேர்", "நீக்கு" என்று. இதைச் சொன்னதும் புதிதாகச் சேர்ந்த பெண், "அக்கா, சார் படிக்கிற இடத்துல 'மாற்று'ன்னு எழுதறது மரியாதையா இருக்குமா?" என்று கேட்டாள். சிரித்தேன், ஆனால் கேள்வி சரியானதுதான். ஆங்கிலத்தில் அந்தச் சொல் வரியின் முதலில் வரும், பட்டியலாகப் பார்க்கும்போது கண் அதைத்தான் தேடும். தமிழில் வினை கடைசியில் போய் நிற்கும். "மாற்றம்" என்று எழுதினாலும் "மாற்றினேன்" என்று எழுதினாலும் ஒன்றும் குடி முழுகிவிடாது என்று அந்த விதியையும் விட்டுவிட்டேன்.

ஏய்ப்பதும் தொடங்கியது. நோ-வெரிஃபை என்று ஒரு சொல் சேர்த்தால் கிட் இந்தச் சோதனையைக் கேட்காமலே பதிந்துவிடும். அது யாருக்கும் சொல்லித்தராமலே இரண்டே நாளில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. போதாக்குறைக்கு, ரெப்போவை, அதாவது நிரலும் அதன் பதிவுகளும் இருக்கும் களஞ்சியத்தை, புதுக் கணினியில் இறக்கினால் ஹூக்குகள் (அந்த அடைவில் வைத்த சோதனை நிரல்கள்) கூடவே வராது. புது லேப்டாப் வாங்கிய தம்பிக்கு ஒரு மாதமாகச் சோதனையே இல்லை, அவருக்கே அது தெரியாது. அதனால் சர்வர் வாசலிலும் அதே சோதனையை வைத்தேன். அங்கே நோ-வெரிஃபை செல்லாது.

அப்புறம் "திருத்தம்" என்ற ஒற்றைச் சொல்லைத் தடுத்தால் "சிறு திருத்தம்" வந்தது. அதையும் தடுத்தால் "தேவையான திருத்தங்கள் செய்யப்பட்டன" என்று அரசாணை நடையில் வந்தது. நல்ல தமிழ், ஒரு விஷயமும் இல்லை. மெஷின் பச்சைக்கொடி காட்டிவிட்டது. புகார் எண் கட்டாயம் என்றால் எல்லாவற்றுக்கும் 1 என்று போட்டார்கள். ஒருவர் மட்டும் ஒழுங்காக # போட்டுப் புகார் எண்ணை முதலில் எழுதினார். எடிட்டரில் எழுதும்போது # குறியில் தொடங்கும் வரியைக் குறிப்பு என்று நினைத்து கிட் வெட்டிவிடும். அவருடைய ஒற்றை வரி மெசேஜ் மொத்தமும் காணாமல் போய், காலி மெசேஜ் என்று திரும்பி வந்தது. ஒழுங்காக எழுதியவருக்குத்தான் அடி விழுந்தது!

இதற்கெல்லாம் ஆயத்தக் கருவிகளே இருக்கின்றன, கமிட்லின்ட், கிட்லின்ட் என்று. மெசேஜின் முன்னால் ஃபீட் (புது வசதி), ஃபிக்ஸ் (பிழைத்திருத்தம்) என்று வகை போட்டு எழுதும் கன்வென்ஷனல் கமிட்ஸ் முறையும் உண்டு. அந்த வகையைப் பார்த்து அடுத்த பதிப்பு எண்ணையே கணினி தீர்மானித்துவிடும். பலரும் பயன்படுத்தும் நிரல் நூலகங்களை வெளியிடுகிறவர்களுக்கு அது பெரிய உதவி. பல்லடத்து மில்லுக்கு பில் போடும் எங்களுக்கு ஃபீட் என்றால் என்ன, ஃபிக்ஸ் என்றால் என்ன. கர்னலில் செக்பேட்ச் என்ற நிரல் ஒவ்வொரு மாற்றத்தையும் அலசும், வரி நீளம் பார்க்கும். பழைய பிழையைத் திருத்துகிறீர்கள் என்றால் அந்தப் பிழை நுழைந்த கமிட்டின் அடையாளத்தில் முதல் 12 எழுத்தைக் கேட்கும். ஆனால் அங்கேயும் "இது ஏன்?" என்று கேட்டுத் திருப்பி அனுப்புகிறவர் அந்தப் பகுதியைப் பராமரிக்கும் ஆள்தான்.

இப்போது எங்களிடம் மிச்சம் இருப்பது மூன்றே விதி. முதல் வரி 72 எழுத்துக்குள், எழுத்து என்றால் தமிழ் எழுத்து. இரண்டாவது வரி காலி. வரிக்கணக்கு அடைவில் எதைத் தொட்டாலும் "காரணம்:" என்று தொடங்கும் ஒரு வரி இருக்க வேண்டும், அதில் யார் கேட்டார்கள் என்பதும் வர வேண்டும். இருவர் வேலையை ஒன்றுசேர்க்கும்போது கிட் தானாகவே எழுதும் இணைப்பு மெசேஜ்களுக்கும், ஒரு மாற்றத்தைத் திரும்பப் பெறும்போது வருபவற்றுக்கும் விலக்கு. காரணம் உண்மையா என்று மெஷினுக்குத் தெரியாது. அதை நான் படிக்கிறேன், காலையில் காபியோடு, ஒரு பத்து நிமிடம். நான் விடுப்பில் இருந்தால் அந்தப் புதுப் பெண் படிக்கிறாள்.

ஒன்று ஒப்புக்கொள்ள வேண்டும். முன்பெல்லாம் இதற்காக நான்தான் சத்தம் போடுவேன், "எத்தனை தடவை சொல்றது" என்று. அவர்கள் முகம் சுருங்கும், எனக்கும் சங்கடம். இப்போது இரண்டாவது வரியைக் காலியாக விடவில்லை என்று சர்வர் சொல்கிறது, அவர்கள் சர்வரைத் திட்டுகிறார்கள், என்னோடு டீ குடிக்க வருகிறார்கள். நான் வாயைத் திறப்பது காரணம் சப்பையாக இருக்கும்போது மட்டும்தான். இந்த ஒரு லாபத்துக்காகவே சோதனையை வைத்திருக்கலாம்.

உங்கள் இணைப்பை வாசிக்கும் பொறியியல் கல்லூரி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். இறுதியாண்டு புராஜெக்டை சிடியிலும் ஸ்பைரல் பைண்டிங்கிலும் வாங்கி மதிப்பெண் போடுகிறீர்கள். அதோடு கிட் பதிவையும் கேளுங்கள். நேர்காணலுக்கு வரும் பிள்ளைகளிடம் நான் கேட்டுப் பார்க்கிறேன், சமர்ப்பிக்கும் நாளுக்கு முந்தின இரவு ஒரே கமிட்டாக, "புராஜெக்ட்" என்ற ஒற்றைச் சொல்லோடு நாலு மாத வேலை மொத்தமும் இருக்கும். ஆய்வகக் கணினிகளில் ஒரு சோதனையை வையுங்கள். செலவு ஒன்றும் இல்லை. கிட் நிறுவியதுமே மாதிரி ஹூக் ஒன்று கமிட்-எம்எஸ்ஜி.சாம்பிள் என்ற பெயரில் உள்ளே இருக்கும், பெயரில் உள்ள சாம்பிளை எடுத்துவிட்டு வேண்டியபடி மாற்றிக்கொள்ளலாம். மதிப்பெண்ணை மட்டும் மெஷினை வைத்துப் போடாதீர்கள். "தேவையான திருத்தங்கள் செய்யப்பட்டன" என்று எழுதி நூற்றுக்கு நூறு வாங்கிவிடுவார்கள். பத்து கமிட்டைப் பொறுக்கி எடுத்து, பிள்ளையை எதிரில் உட்காரவைத்து, ஏன் இதைச் செய்தாய் என்று கேளுங்கள்.

தமிழில் எழுத விரும்பும் பிள்ளையை அப்படியே எழுத விடுங்கள். எண்ணும் நிரலைச் சரி செய்வது நம் வேலை.

எங்கள் சோதனை நிரலை அச்சிட்டு இத்துடன் இணைத்திருக்கிறேன். 31 வரி. உங்கள் பக்கத்தில் இடம் இருக்காது என்று தெரியும். எந்தக் கல்லூரி ஆசிரியராவது கேட்டால் நகல் எடுத்துக் கொடுத்துவிடுங்கள். 14ஆவது வரியில்தான் "நூல்" 2 எழுத்தாகிறது.

இப்படிக்கு,
சிங்காநல்லூர் வாசகி,
கோவை